செயலியா, நோட்டுப் புத்தகமா, அம்மாவின் குரலா? வளரும் பிள்ளையின் ஆஸ்துமாவுக்கு எது துணை?

இன்ஹேலரில் இட்டு இழுக்கும் ஆஸ்துமா தடுப்பு மருந்துக் குளிகைகள் 30 கொண்ட குப்பி, காலையும் இரவும் ஒன்று என்ற கணக்கில் 15 நாட்களில் தீர்ந்திருக்க வேண்டும். 24ஆம் நாள் நான் அதைத் திறந்து எண்ணியபோது 11 குளிகைகள் மீதம் இருந்தன. அடுப்படியில் இருந்தபடி "மருந்து இழுத்துட்டியாம்மா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் "இழுத்துட்டேம்மா" என்றே சொல்லிவந்த என் 15 வயது மகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடுப்பு மருந்து மூச்சுக்குழாயின் அழற்சியை நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் தணிக்கிறது. இழுத்தவுடன் எதுவும் தெரிவதில்லை. இழுப்பு வந்தபின் எடுக்கும் நிவாரணி மருந்தான சால்பூட்டமாலோ சில நிமிடங்களில் மூச்சை இலகுவாக்கிவிடுகிறது. கண்ணெதிரே வேலை செய்யும் மருந்தைப் பிள்ளைகள் நம்புவது இயல்புதான். ஆயினும் அதை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் கடும் இழுப்பும் உயிராபத்தும் கூடுகின்றன என்பதால், 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு நிவாரணியை மட்டும் தனியாகத் தரலாகாது என்று 'ஜீனா' என்னும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019இல் மாற்றப்பட்டது.

மேலூர்ப் பக்கம் வசிக்கும் நாங்கள் ஆடியில் தொடங்கித் தை வரை மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். என் குரல் அவற்றில் முதலாவது. அது செலவில்லாதது, ஆனால் அதில் நினைவு வைத்திருப்பவள் நான். இன்னும் மூன்று ஆண்டுகளில் கல்லூரி விடுதிக்குப் போகப்போகும் பிள்ளைக்கு அந்த நினைவு உடன் செல்லாது.

கைப்பேசிச் செயலியை அவள் விரும்பி ஏற்றாள். இன்ஹேலரைத் தோழிகள் முன் எடுக்கவே கூசும் வயதில், யார் கண்ணிலும் படாமல் குறித்துக்கொள்ள முடிவது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை நான் பின்னரே புரிந்துகொண்டேன். இருமல், இரவு விழிப்பு, நிவாரணி எடுத்த நாட்கள் ஆகியவை வரைபடமாகத் திரையில் எழுந்தபோது, வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் நிவாரணி தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று மருத்துவர் பலமுறை சொன்னதை அவளே கண்டுகொண்டாள். நான் எத்தனை முறை சொல்லியும் விளையாத பயன் அது.

ஆனால் எங்களுடையதைப் போன்ற விலை குறைந்த கைப்பேசிகள், மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. அதனால் நினைவூட்டல் ஒலிக்காமலே போன இரவுகள் பல. பள்ளிக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லாததால், விளையாட்டு வகுப்பில் வந்த மூச்சிரைப்பு மாலையில் பாதி மறந்த நிலையில் பதிவாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, 'எடுத்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தியது மட்டுமே செயலிக்குத் தெரியும். என்னிடம் சொன்ன பதிலுக்கும் அதற்கும் அந்த வகையில் வேறுபாடு இல்லை. நெதர்லாந்தில் 12 முதல் 18 வயது வரையிலானோரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வொன்றும், மருந்தைச் சரிவர எடுக்காதவர்கள் செயலியால் ஓரளவு ஒழுங்கானார்கள் என்றும், நோய்க்கட்டுப்பாட்டில் மாற்றம் தெரியவில்லை என்றுமே கண்டது.

இன்ஹேலரிலேயே பொருத்தி, ஒவ்வொரு முறை எடுப்பதையும் கைப்பேசிக்குத் தெரிவிக்கும் உணர்கருவிகளும் உண்டு. அவை குறிப்பிட்ட மாதிரி இன்ஹேலர்களுக்கென்றே செய்யப்படுபவை. குளிகையைத் துளைத்துப் பொடியை இழுக்கும் எங்கள் கருவிக்கு, காலிக் கூடுகளைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுவைத்து வாரம் ஒருமுறை எண்ணுவதே போதுமான சான்று.

மூன்றாவது வழி, மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரும் நோட்டுப் புத்தகமும். மூன்று முறை முழுமூச்சாக ஊதி, அவற்றில் மிக உயர்ந்த அளவைக் குறிக்க வேண்டும். நலமாக இருக்கும் இரண்டு வாரங்களில் கிடைக்கும் உச்ச அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. என் மகளின் உச்சம் நிமிடத்துக்கு 360 லிட்டர். ஆகவே 288க்குக் கீழே மஞ்சள். போகியன்று தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்த மாலையில், தனக்கு ஒன்றுமில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது மீட்டர் 270 காட்டியது. செயலி காட்டிய காற்றுத்தர எண் மதுரை நகரத்துக்கானது. எங்கள் தெருப் புகை அதற்கு எப்படித் தெரியும்? மருத்துவர் மஞ்சள் நிலைக்கென எழுதிக் கொடுத்திருந்தபடி அன்றிரவே மருந்தைக் கூட்டியதால், அவசரப் பிரிவு வரை போகாமல் விடிந்தது.

இந்த வழியின் குறை சலிப்புதான். மூன்றாம் வாரத்தில், ஒரே மையில், ஒரே சாய்வான கையெழுத்தில் ஏழு நாள் எண்களும் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன.

மூன்றுமே காணத் தவறும் ஒன்றும் இருக்கிறது: மருந்து நுரையீரலுக்குப் போகிறதா, தொண்டையிலேயே தங்கிவிடுகிறதா என்பது. அதற்குக் கைப்பேசியின் கேமராவே உதவியது. அவள் இழுப்பதை நான் படமெடுத்து மருத்துவரிடம் காட்டியபோது, இழுத்தபின் 10 நொடி மூச்சை அடக்காமல் உடனே விட்டுவிடுகிறாள் என்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்.

இப்போது நினைவூட்டலைச் செயலியிடமிருந்து எடுத்து, கைப்பேசியிலேயே இருக்கும் கடிகார அலாரத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். அது தவறாமல் ஒலிக்கிறது. பல் துலக்குவதற்குச் சற்று முன்பாக வைத்திருப்பதால், மருந்தெடுத்தபின் வாய் கொப்பளிப்பதும் தானாக நடந்துவிடுகிறது. அறிகுறிகளைச் செயலியில் குறிக்கிறாள். மீட்டரை ஐப்பசி முதல் தை வரையிலும், சளி பிடித்த நாட்களிலும் மட்டும் ஊதுகிறாள். கடந்த நான்கு வாரங்களில் நோய் எவ்வளவு கட்டுக்குள் இருந்தது என்று மதிப்பெண்ணால் அளக்கும் ஐந்து கேள்விகளுக்கு மாதம் ஒருமுறை விடையளிக்கிறாள். 25க்கு 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் மருத்துவரைப் பார்ப்பது என்று எங்களுக்குள் உடன்பாடு.

சிவப்பு நிலைக்கான குறிப்பை மட்டும் எந்தத் திரையிலும் நாங்கள் வைக்கவில்லை. நிவாரணியை எத்தனை பஃப் (அழுத்து) எடுப்பது, அதை இழுக்க உதவும் ஸ்பேசர் குழல் எந்த அலமாரியில், எப்போது 108ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம், பகலில் அவளுடன் தனியாக இருக்கும் அப்பத்தா கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கின்றன.