கோபுரத்துக்கு 100, கன்னத்துக்கு 25: ஸ்னாப்சீட் மாஸ்க் பிரஷ்ஷுடன் மூன்று ஆண்டுகள்

மியான்மரின் யாங்கோன் நகரில், அனோரட்டா சாலையில், 1871இல் நம் தமிழர்கள் கட்டிய காளி கோயில் முன்னால் உச்சி வெயிலில் படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். கோபுரச் சிலைகளின் நிறம் வெளுத்துப்போகும். கீழே நிற்பவர் முகம் கறுத்துவிடும். படம் முழுவதற்கும் ஒரே எஃபெக்ட் போட்டால் ஒன்று தேறும், மற்றது கெடும்.

உறவினர் வீட்டு விசேஷம், கோயில் திருவிழா எல்லாமே நான் கைபேசியில் எடுப்பவை. எடிட் செய்வது ஸ்னாப்சீட் என்ற படத் திருத்தச் செயலியில். காசு கேட்காது, கரண்ட் போய் வைஃபை நின்ற இரவிலும் வேலை நடக்கும்.

முதலில் வெளிச்சத்திலும் நிழலிலும் இருக்கும் விவரங்களை எடுப்பாக்கும் எச்டிஆர் ஸ்கேப் எஃபெக்டைப் படம் முழுவதற்கும் கொடுத்துவிடுவேன். அப்புறம் செய்த திருத்தங்களின் பட்டியலான வியூ எடிட்ஸ் போய், அந்த எஃபெக்டைத் தொட்டு, பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்தால் பழைய படம் தெரியும். விரலால் தேய்த்த இடத்தில் மட்டும் எஃபெக்ட் திரும்ப வரும். அப்படித் தேய்த்த பகுதிதான் மாஸ்க். அழுத்தம் 0, 25, 50, 75, 100 என்று இருக்கிறது. கோபுரத்துக்கு 100, வானத்தை ஒட்டிய விளிம்புக்கு 50. கை தவறிப் பட்ட இடத்தை 0 வைத்துத் தேய்த்தால் அழிந்துவிடும்.

பிரஷ்ஷைச் சிறிதாக்கத் தனிப் பொத்தான் கிடையாது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினால் போதும், தேய்க்கும் கோடு மெல்லிசாகிவிடும். இது பிடிபட எனக்குச் சில மாதம் ஆனது. அதுவரை என் படங்களில் கோபுரத்தைச் சுற்றிச் சாம்பல் வளையம்தான்.

ஆனால் இந்த பிரஷ் மேல் எனக்குப் பிரியம் வந்தது தனாக்காவால், அதாவது மியான்மரில் கன்னத்தில் பூசும் மரக்கட்டைச் சாந்தால். முகத்தை வழவழப்பாக்கும் எஃபெக்ட் போட்டால் அத்தை கன்னத்துத் தனாக்கா வெறும் மஞ்சள் கறையாகிவிடும். நுணுக்கங்களை எடுப்பாக்கும் ஸ்ட்ரக்சரை ஏற்றினால் வெடித்த சேறு மாதிரி ஆகிவிடும். இப்போது சேலைக் கரைக்கும் பூச்சரத்துக்கும் ஸ்ட்ரக்சரை முழுசாகக் கொடுத்து, கன்னத்தில் 25 வைக்கிறேன். கட்டையைக் கல்லில் உரசி விரலால் இழுத்த தடம் கோடு கோடாக அப்படியே நிற்கிறது. அத்தை அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த நகலைத் திறந்து பழைய மாஸ்க்கைத் திருத்த முடியாது. பீலிக்கான் என்ற ஊரில் எடுத்த தீமிதிப் படம் ஒன்றில் தணலுக்குக் கொடுத்த செந்நிறம் ஓர் அம்மாவின் பாதத்திலும் ஏறிவிட்டது. என்னிடம் நகல் மட்டுமே மிஞ்சியிருந்தது. அவர் கேட்டபோது கொடுக்க மனமே வரவில்லை. இப்போதெல்லாம் முடிக்கும் முன் கண் குறியைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன். மாஸ்க் பட்ட இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும், விரல் எங்கே வழுக்கியது என்பது அதிலேயே பிடிபட்டுவிடும்.