மடிக்கணினியின் சூட்டைத் தணித்த ஆஃப்டர்பர்னர்
என் கேமிங் மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு 87 டிகிரி செல்சியஸை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள, சீராக ஓடிய விளையாட்டு திக்கித் திணறியதால், கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றியமைக்க உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். எம்எஸ்ஐ நிறுவனத்துடையது என்றாலும், பிற நிறுவனங்களின் கார்டுகளிலும் இது இயங்கும்.

கன்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் காட்டும் வளைகோடு திறக்கிறது. அதில் 850 மில்லிவோல்ட் புள்ளியை உயர்த்தி, அதற்கு வலப்புறம் உள்ள கோட்டை அதே உயரத்தில் தட்டையாக்கியதும், கார்டு ஏறக்குறைய அதே வேகத்தைக் குறைந்த மின்சாரத்திலேயே எட்டியது. வெப்பம் 79 டிகிரியில் நின்றது. விசைப்பலகையின் நடுவே விரலைச் சுட்ட சூடும் தணிந்தது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

விசிறிக் கட்டுப்பாடு பெரும்பாலான மடிக்கணினிகளில் பூட்டப்பட்டிருப்பது உண்மையான குறை. புள்ளியை அளவுமீறி உயர்த்தினால் விளையாட்டு பாதியில் நின்றுவிடும். அப்போது அந்தப் புள்ளியின் வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் வீதம் இறக்கிச் சோதியுங்கள்.