இரட்டை டிஸ்க்குக்கு எந்த மாஸ்டர் சிலிண்டர்: 12.7, 14, 16 மி.மீ.?

பைக்கின் முன்சக்கரத்தில் இரண்டாவது பிரேக் டிஸ்க்கும், அதைப் பேட்களால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் ஏற்றியவுடன் பலர் செய்யும் அடுத்த வேலை, கிடைப்பதிலேயே பெரிய மாஸ்டர் சிலிண்டரை (பிரேக் லீவரை இழுக்கும்போது ஆயிலை அழுத்தும் சிலிண்டரை) தேடுவது. பெரிசு என்றால் பலம் என்ற கணக்கு இங்கே செல்லாது. விரல் கொடுக்கும் விசை மாறாமல் மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு கூடினால், ஆயிலில் எழும் அழுத்தம் குறையத்தான் செய்யும்.

எண்களை வைத்தே பார்த்துவிடலாம். ஒவ்வொரு காலிப்பரும் ஃப்ளோட்டிங் வகை (பிஸ்டன்கள் ஒரு பக்கம் மட்டும், காலிப்பரே நகர்ந்து மறுபக்கப் பேடை அழுத்தும்), அதில் 27 மி.மீ. பிஸ்டன் இரண்டு. இரு காலிப்பரும் சேர்த்து நான்கு பிஸ்டன்களின் பரப்பு சுமார் 2,290 சதுர மி.மீ. லீவர் விகிதம் 5 (விரலின் விசை ஐந்து மடங்காகி மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும்), விரலின் இழுப்பு 50 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

12.7 மி.மீ. போர் (உள்விட்டம்) கொண்ட மாஸ்டரில் பரப்பு விகிதம் (காலிப்பர் பிஸ்டன்களின் பரப்பை மாஸ்டர் பிஸ்டனின் பரப்பால் வகுத்தது) 18, அழுத்தம் 20 பாருக்குச் சற்றுக் குறைவு. 14-ல் விகிதம் 15, அழுத்தம் 16 பார். 16-ல் விகிதம் 11.4, அழுத்தம் 12 பாரைக் கொஞ்சம் தாண்டும். ஒற்றை டிஸ்க்கில் இதே காலிப்பர் ஒன்றும் 12.7 மாஸ்டரும் இருந்தபோது விகிதம் 9. அதாவது 16 மாட்டினால், இரண்டாவது டிஸ்க்குக்குச் செய்த செலவுக்கெல்லாம் கிடைப்பது கால் பங்கு கூடுதல் பிடிப்புதான்!

அப்படியென்றால் 12.7-ஐயே விட்டுவிடலாமே? அங்கேதான் லீவரின் ஓட்டம் குறுக்கே வருகிறது. பேட் டிஸ்க்கைத் தொட ஒவ்வொரு பிஸ்டனும் 0.3 மி.மீ. நகர வேண்டும் என்று கொண்டால், லீவர் நுனி 12.7-ல் 27 மி.மீ., 14-ல் 22, 16-ல் 17 மி.மீ. உள்ளே வரும். ஹோஸ் விரிவது, பேட் அமுங்குவது எல்லாம் இதற்கு மேல். 12.7-ல் நிறுத்தும் பலம் தாராளமாக இருக்கும். ஆனால் பேட் தேய்ந்து, ஆயில் சூடேறிய நாளில் லீவர் கைப்பிடியை முட்டிவிடும் அபாயமும் இருக்கிறது. அந்த அபாயத்தை நான் ஏற்க மாட்டேன். இந்தக் காலிப்பர்களுக்கு என் தேர்வு 14.

16-ஐக் குறை சொல்லவில்லை, அதற்கேற்ற ஜோடி வேறு. 34, 30 மி.மீ. பிஸ்டன்கள் கொண்ட நான்கு பிஸ்டன் ஃபிக்ஸட் காலிப்பர் (நகராதது, டிஸ்க்கின் இரு பக்கமும் இரண்டிரண்டு பிஸ்டன்) இரண்டு இருந்தால் 16 கச்சிதமாகப் பொருந்தும். விகிதம் மறுபடி 16 அருகே வந்து நிற்கும். இந்த வகைக் காலிப்பரில் விகிதம் போடும்போது ஒரு பக்கப் பிஸ்டன்களை மட்டும் எண்ண வேண்டும். ஆயில் அளவுக்கு இரு பக்கமும் கணக்கில் வரும். இதைக் குழப்பிக்கொண்டால் விகிதம் இரட்டிப்பாகத் தெரிந்து, தேவையில்லாத பெரிய மாஸ்டரில் போய் முடியும்.

ரேடியல் மாஸ்டரை (சிலிண்டர் கைப்பிடிக்குச் செங்குத்தாக அமைந்த வகை) போர் அளவு மட்டும் பார்த்து இவற்றோடு ஒப்பிடக் கூடாது. பிரேக் தயாரிப்பாளர் பிரெம்போவின் 19×18 என்பதில் 19 போர். 18 என்பது லீவரின் அச்சுக்கும் பிஸ்டனைத் தள்ளும் புள்ளிக்கும் உள்ள தூரம். அந்தத் தூரம் குறைந்தால் நெம்புபலம் கூடும், ஓட்டமும் கூடும். பெரிய போரில் இழந்த அழுத்தத்தில் ஒரு பகுதியை இந்த நெம்புபலம் மீட்டுத் தருகிறது.

லீவர் கல் மாதிரி இறுகி இருந்தால் பிரேக் அருமை என்று மயங்குவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அது மாஸ்டர் பெரிசாகிவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். அவசரத்தில் முழு பலத்தோடு இழுத்தும் வண்டி நிற்காமல் போகும். லீவர் பஞ்சு போலிருந்தால் முதலில் காற்றை வெளியேற்றுங்கள், பழைய ரப்பர் ஹோஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுங்கள், அதன் பிறகு போரைப் பற்றி யோசியுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் மட்டும் இந்த மாற்றத்துக்கே போக வேண்டாம். அதன் கட்டுப்பாட்டு யூனிட் பழைய காலிப்பர், மாஸ்டர் அளவுகளுக்கென்றே அமைக்கப்பட்டது.