ஆறு ஆண்டுகளாக ஒரு பழைய டேப் டெக்குடன்

வீடியோ படத்தொகுப்புக்காக நான் டெக் (வீடியோ கேசட்டை ஓட்டும் கருவி) வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சோனி டிஎஸ்ஆர்-11. வாங்கும்போதே அது இன்னொருவர் பயன்படுத்தியதுதான். இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட மினி டிவி கேசட்டுகளை அதில் ஓட்டிக் கணினிக்கு மாற்றியிருக்கிறேன். (இங்கே டிவி என்பது தொலைக்காட்சி அல்ல, 1995-இல் வந்த டிஜிட்டல் வீடியோ நாடா வடிவம்.) குறைந்த செலவில் ஒரு டெக் தேடுகிறவர்கள் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நானும் கேமராவையே டெக்காக வைத்துக்கொண்டேன். பெரும்பாலோர் செய்வதும் அதுதான். அதில் தவறில்லை, டேப்புகள் பத்துப் பதினைந்துதான் என்றால். ஆனால் படத்தொகுப்பில் ஒரு டேப்பை ஒருமுறை ஓட்டுவதோடு வேலை முடிவதில்லை. முன்னே ஓட்டி, பின்னே ஓட்டி, நிறுத்தி, மறுபடி பார்க்க வேண்டும். டிவி கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டுகள் பொருத்திய டிரம் என்ற உருளை நிமிடத்துக்கு 9,000 முறை சுழல்கிறது. டேப்பை இடைநிறுத்தத்தில் (pause) வைத்துவிட்டு நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதும் அது நாடாவின் ஒரே இடத்தை உரசிக்கொண்டேதான் இருக்கும். கையடக்கக் கேமராவின் மெல்லிய இயந்திரப் பகுதி இதற்காகச் செய்யப்பட்டதன்று. இரண்டாம் ஆண்டில் என் கேமரா கேசட்டை உள்ளே இழுத்துவிட்டு வெளியே தர மறுத்தது. அந்த நாடாவில் ஒரு கையளவு கசங்கிப்போனது. அதில் இருந்தது திரும்ப எடுக்க முடியாத ஒரு நிகழ்ச்சி. அன்றைக்குத்தான் டெக் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

கடைக்காரர்களும் நண்பர்களும் விலை கூடிய டெக்கில் படம் தெளிவாக இருக்கும் என்றார்கள். ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு வழியாகக் கணினிக்கு எடுக்கிறவர்களுக்கு இது பொருந்தாது. டிவியில் படம் எடுக்கும்போதே கேமரா அதைச் சுருக்கி, வினாடிக்கு 25 மெகாபிட் அளவில் எண்களாக நாடாவில் எழுதிவிடுகிறது. கேப்சர் என்று நாம் சொல்வது அந்த எண்களை அப்படியே படியெடுப்பதுதான். நாடாவைப் பிழையின்றிப் படித்துவிட்டால், எளிய கேமரா தரும் கோப்பும் ஸ்டுடியோ டெக் தரும் கோப்பும் ஒன்றே. தொழில்முறை டெக்குகளின் விலையில் ஒரு பங்கு காம்போனென்ட், எஸ்டிஐ போன்ற ஸ்டுடியோ இணைப்புகளுக்கும் படத்தொகுப்பு மேசைக் கட்டுப்பாடுகளுக்கும் போகிறது. கணினியில் வேலை செய்கிறவருக்கு அவை தேவையில்லை. பணம் கொடுக்க வேண்டியது ஹெட்டுக்கும் நாடாவை இழுத்துச் செல்லும் இயந்திரப் பகுதிக்கும் மட்டுமே.

இயந்திரப் பகுதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்பி என்ற வழக்கமான வேகத்தில் பதிந்த தடம் ஒன்றின் அகலம் 10 மைக்ரான். கூடுதல் நேரம் பதிவதற்காக நாடாவை மெதுவாக ஓட்டும் எல்பி வேகத்தில் 6.7 மைக்ரான்தான். பதிந்த கேமராவின் வழிகாட்டித் தூண்கள் சற்றே விலகியிருந்தால், அந்த விலகல் நாடாவிலேயே எழுதப்பட்டுவிடும். சரியாக அமைந்த டெக் அதைப் படிக்கத் தடுமாறும்; விலகிய கேமரா சிரமமின்றிப் படித்துவிடும். என்னிடம் வந்த எல்பி டேப்புகளில் சில இப்படித்தான் இருந்தன. தொழில்முறை டெக்குகள் பல எல்பியைப் படிப்பதே இல்லை. எனவே டெக் வாங்கினாலும் பழைய கேமராவை விற்றுவிடாதீர்கள். எடுத்த கேமரா கைவசம் இருந்தால், எல்பி டேப்பை முதலில் அதில் போட்டுப் பாருங்கள்.

டிஎஸ்ஆர்-11-ஐ நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் எளியவை. மினி கேசட், பெரிய கேசட் இரண்டையும் ஏற்கும். டிவிகேம் (டிவியின் தொழில்முறை வடிவம்) பதிவையும் படிக்கும். நாட்டுக்கு நாடு மாறுபடும் பால், என்டிஎஸ்சி என்ற இரண்டு வீடியோ முறைகளும் ஓடும். வெளிநாட்டு உறவினர்களின் டேப்புகள் வந்தபோது இது பெரிதும் உதவியது. எச்டிவி (HDV, அதே நாடாவில் உயர் தெளிவுப் படம் பதியும் வடிவம்) மட்டும் ஓடாது. எச்டிவி கேசட்டும் பார்வைக்கு அதே கேசட்தான் என்பதால், உங்கள் டேப்புகளில் எச்டிவி பதிவு இருக்கிறதா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இருந்தால் வேறு டெக் தேட வேண்டும்.

பழைய டெக்கை ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நான் மூன்று டேப்புகள் கொண்டுபோனேன்: நன்றாக ஓடுகிற ஒன்று, எல்பியில் எடுத்த ஒன்று, ஏற்கெனவே தகராறு செய்த ஒன்று. இரண்டு ஹெட்டுகளில் ஒன்று அடைத்திருந்தாலோ தேய்ந்திருந்தாலோ படம் கிடைமட்டப் பட்டைகளாக உடையும். ஒரு பட்டை நகரும், அடுத்தது உறைந்து நிற்கும். உலர் கிளீனிங் கேசட்டைச் சில வினாடிகள் ஓட்டிய பிறகும் அது போகவில்லையென்றால் அந்த டெக் வேண்டாம். கிளீனிங் கேசட் ஹெட்டைத் தேய்க்கக்கூடியது. நான் கோளாறு கண்ணில் பட்டால் மட்டுமே எடுப்பேன். டிரம் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்பதைப் பல தொழில்முறை டெக்குகளின் மெனுவிலேயே பார்க்கலாம். விற்பவரின் வாய்ச்சொல்லைவிட அந்த எண் நம்பத்தக்கது.

கேபிள் விஷயத்தில் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு முனையில் நான்கு ஊசி ஃபயர்வயர், மறுமுனையில் யுஎஸ்பி என்று ஒரு கேபிள் விற்கிறார்கள். டிவி கேப்சருக்கு அது எதற்கும் உதவாது. இரண்டும் வெவ்வேறு மொழி பேசுகிற இணைப்புகள். வெறும் கம்பியால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது. கணினியில் உண்மையான ஃபயர்வயர் கார்டு வேண்டும். ஆறு ஊசி இணைப்பில் மின்சாரமும் வரும் என்பதால், அதை மாற்றித் திணித்தால் போர்ட் எரிந்துபோக வாய்ப்புண்டு. கருவிகளை அணைத்துவிட்டுச் செருகுவதே என் வழக்கம்.

கேப்சர் நிகழ்நேரத்தில்தான் நடக்கும். ஒரு மணிநேர டேப்புக்கு ஒரு மணிநேரம், வட்டில் ஏறத்தாழ 13 ஜிபி. வட்டு ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால், ஒரு கோப்புக்கான 4 ஜிபி வரம்பினால் இருபது நிமிடங்களுக்குள் கோப்பு நின்றுவிடும்.

படம் திரையில் நன்றாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து டெக்கை மதிப்பிடுவதை இப்போது விட்டுவிட்டேன். படிக்க முடியாத துண்டுக்குப் பதிலாக முந்தைய படத்தின் துண்டை வைத்து டெக் மறைத்துவிடும். கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது. டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் அந்தப் பிழைகளை ஒவ்வொரு படச்சட்டமாக எண்ணிக் காட்டுகிறது. ஒரே டேப்பை டெக்கிலும் பழுது நீக்கிய என் கேமராவிலும் ஓட்டி ஒப்பிட்டேன். எஸ்பி டேப்புகளில் டெக்கின் பக்கம் பிழைகள் மிகக் குறைவு. இரண்டு முறை எடுத்த கோப்புகளிலிருந்து நல்ல பகுதிகளைச் சேர்த்து ஒன்றாக்கவும் அதே மென்பொருளால் முடிகிறது. கசங்கிய அந்த நாடாவை இப்படித்தான் மீட்டேன். நான்கு வினாடிகள் தவிர எல்லாம் கிடைத்தன.

இத்தனை ஆண்டுகளில் டெக்கைவிடக் கணினிதான் எனக்குக் கவலை தந்தது. புதிய கணினிகளில் ஃபயர்வயர் போர்ட் இல்லை; 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ அதற்கான ஆதரவையே நீக்கிவிட்டது. அதனால் ஃபயர்வயர் கார்டு பொருத்திய ஒரு பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் நிறுவி, டிவிகிராப் நிரலைக் கொண்டு எடுக்கிறேன். அந்தக் கணினிக்கு வேறு வேலை எதுவும் கொடுப்பதில்லை. அலமாரியில் இன்னும் முப்பத்தொரு கேசட்டுகள் இருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு வீதம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.