வரைந்தாயிற்று, எங்கே பகிர்வது? டிஸ்கார்ட், யூசர் ஃபைல்ஸ், கிட்ஹப்

சிவப்பு வெள்ளைப் பூச்சில் ஒரு ஏ-4 ஸ்கைஹாக் போர் விமானம். 1990களில் நம் சிங்கப்பூர் ஆகாயப் படையின் பிளாக் நைட்ஸ் சாகசக் குழு ஓட்டிய விமானம். அதை டி.சி.எஸ். வேர்ல்ட் என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டில் பறக்கவிட வேண்டும் என்று ஏழு மாதம் இரவுகளில் உட்கார்ந்து லிவரி வரைந்தேன். வரைந்து முடித்த பிறகுதான் பெரும்பாடு தொடங்கியது. இதை எங்கே வைத்து ஊருக்குக் கொடுப்பது? டிஸ்கார்ட் அரட்டைக் குழு, விளையாட்டின் சொந்தத் தளத்தில் உள்ள யூசர் ஃபைல்ஸ் பகுதி, நிரல் எழுதுபவர்கள் கோப்புகளைப் பதிப்பு வாரியாக வைக்கும் கிட்ஹப் தளம் என்று மூன்றிலும் வைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது கிட்ஹப்பில் நிலைகொண்டிருக்கிறேன். அதனால் இது நடுநிலைத் தராசு அல்ல, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்த உலகம் புதிது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டை உருவாக்கியவர்கள் தராத ஒன்றை ரசிகர்களே செய்து சேர்ப்பதற்கு மாட் என்று பெயர். (‘மாட் செய்கிறேன்’ என்று அம்மாவிடம் சொன்னபோது, ‘வீவக அடுக்குமாடி வீட்டில் மாடா?’ என்று கேட்டார்.) நான் வரைந்தது மாட்களிலேயே எளிய வகையான லிவரி, அதாவது விமானத்தின் மேல்பூச்சு. அது அமரும் ஏ-4இ-சி விமானமும் ரசிகர்கள் செய்து இலவசமாகக் கொடுத்ததுதான். ஆக, ஒரு மாட்டின் மேல் இன்னொரு மாட்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாட் காட்டுவது அமெரிக்கக் கடற்படையின் ஏ-4இ வகை, ஜே52 இயந்திரத்துடன். நம்முடைய ஏ-4எஸ்யு பழைய ஏ-4 உடலுக்குள் எஃப்404 இயந்திரத்தைப் பொருத்திப் புதுப்பிக்கப்பட்டது. இரட்டை இருக்கை வகையிலோ இரண்டு விமானிகளுக்கும் தனித்தனிக் கண்ணாடிக் கூடுகள், ஒட்டகத் திமில்களைப் போல. அதையெல்லாம் பூச்சினால் மாற்ற முடியாது. வெளித்தோற்றம் நம்முடையது, உள்ளே அமெரிக்கா. இதை விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். எழுதாவிட்டால் ஹவ்காங்கில் வளர்ந்தவர்கள் விடமாட்டார்கள். பக்கத்துப் பாய லேபார் விமானத் தளத்திலிருந்து எழும் விமானத்தைச் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லும் கூட்டம் அது.

மூன்று இடங்களும் இலவசம். மூன்றிலும் ஜிப் கோப்புதான் கொடுக்கிறோம். பதிவிறக்கியவர் அதை விரித்து, சேவ்டு கேம்ஸ் அடைவுக்குள் டி.சி.எஸ்., அதற்குள் லிவரீஸ், அதற்குள் விமானத்தின் பெயர் என்று சரியான இடத்தில் போட வேண்டும். ஓர் அடைவு கூடிப்போனாலும் லிவரி பட்டியலில் தெரியாது. இந்தத் தலைவலி எங்கே வைத்தாலும் உண்டு என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதலில் டிஸ்கார்ட். எங்கள் சிங்கப்பூர், ஜொகூர் பறப்புக் குழு கூடுவது அங்கேதான். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சேர்ந்து பறக்கிறோம். கோப்பைக் கொடுத்த அடுத்த நிமிடமே ‘வால் சிவப்பு ரொம்பத் தூக்கல்’ என்று ஒருவர் சொல்வார், ‘நன்றாக இருக்கிறது அண்ணே’ என்று இன்னொருவர். அந்தச் சூடான வரவேற்பு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் போகக் கூடாது. 4096க்கு 4096 புள்ளி அளவில் டிடிஎஸ் என்ற பட வடிவத்தில் ஒரு படம், தூரத்திலிருந்து பார்க்கும்போது பயன்படும் சிறுபடிகளோடு சேர்த்து, ஏறத்தாழ 21 எம்பி. ஒரு லிவரிக்கு அப்படி ஆறேழு படங்கள் வேண்டும். ஆகவே கோப்பை கூகல் டிரைவ் போன்ற இடத்தில் வைத்து இணைப்பை மட்டும் ஒட்டுவோம். அங்கே 15 ஜிபி இலவசம், ஆனால் மின்னஞ்சலும் புகைப்படங்களும் அதே 15க்குள் அடங்க வேண்டும். நாளைக்குப் பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு இடம் போதவில்லை என்றால் முதலில் வீட்டை விட்டு வெளியேறுவது ஸ்கைஹாக்தான். குழுவுக்குள் சோதனைப் பதிப்பைச் சுற்றுக்கு விட டிஸ்கார்டை மிஞ்ச ஆளில்லை. நிலையான முகவரியாக அதைக் கருத முடியாது.

யூசர் ஃபைல்ஸ் விஷயம் வேறு. ஆட்கள் தேடுகிற இடமே அதுதான். புதிதாக விமானம் வாங்கிய ஒருவர் லிவரி வேண்டும் என்றால் விளையாட்டின் சொந்தத் தளத்துக்குத்தான் முதலில் போவார். விமானத்தைத் தேர்ந்தெடுத்து, ‘ஸ்கின்’ என்று வகையைத் தேர்ந்தெடுத்தால் படங்களோடு வரிசையாக வந்து நிற்கும். எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணிக்கையும் பக்கத்திலேயே தெரியும். வரைபவனுக்கு அந்த எண் பெரிய மயக்கம். காலையில் எம்ஆர்டி ரயிலில் ஏறியதும் அதைத்தான் பார்ப்பேன். உரிமம் என்ற கட்டத்தில் பெரும்பாலான கோப்புகளுக்கு ‘இலவசம், தடையின்றி யாரும் பரப்பலாம்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அவசரத்தில் நானும் அதையே விட்டுவிட்டேன். என் பெயர் இல்லாமல் வேறொரு தொகுப்புக்குள் என் படங்களைப் பார்த்தபோது கோபம் வந்தது. ஆனால் தடையின்றிப் பரப்பலாம் என்று சொன்னவனே நான்தான், யாரைக் கோபித்துக்கொள்வது? சிங்கப்பூரில் 2021 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ள புதிய பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரின் பெயரைக் குறிப்பிடுவதை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. அதற்காகப் பொழுதுபோக்குப் படத்துக்கு வழக்கறிஞரைத் தேடி யார் போகப்போகிறார்கள்?

இதுவரை சொன்னதில் யூசர் ஃபைல்ஸ்தான் முன்னால் நிற்கிறது. கண்டெடுக்க எளிது, புதியவருக்குப் பழகிய இடம். ஏற்றிவிட்டு மறந்துவிடுகிற ஆளாக நான் இருந்திருந்தால் அங்கேயே முடித்திருப்பேன். என் முடிவை மாற்றியது பராமரிப்பு.

லிவரி என்பது படம் மட்டுமல்ல. கூடவே டிஸ்கிரிப்ஷன்.லுவா என்று ஓர் உரைக்கோப்பு இருக்கும். விமானத்தின் எந்தப் பாகத்துக்கு எந்தப் படம் என்று வரிவரியாகச் சொல்வது அதுதான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’. ட்ரூ என்றால் விளையாட்டின் சொந்தப் படத்தை எடுத்துக்கொள், ஃபால்ஸ் என்றால் என் அடைவில் உள்ளதை எடுத்துக்கொள். நாளை விமானத்தின் முப்பரிமாண உருவத்தைச் செப்பனிட்டு ஒரு பாகத்தின் பெயரை மாற்றினால், இந்தக் கோப்பில் உள்ள வரி அநாதையாகிவிடும். 2018இல் 2.5 பதிப்பு வந்தபோது ஒளியும் பளபளப்பும் கணக்கிடப்படும் முறையே மாறியது. பழைய லிவரிகள் பல, சொரசொரப்பையும் உலோகத்தன்மையையும் சொல்லும் புதுவகைப் படம் இல்லாமல் களையிழந்தன. வரைந்தவர்களில் பலர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். லிவரியின் ஆயுள் அதை வரைந்தவரின் ஆர்வம் நீடிக்கும் வரைதான் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

எனக்கு நேர்ந்தது அதைவிடச் சின்னது, முழுக்க முழுக்க என் தவறு. என்னுடைய மூன்று லிவரிகளுக்கும் பொதுவான படங்களை ஒரே அடைவில் வைத்து, மூன்று லுவா கோப்புகளும் அதைச் சுட்டும்படி எழுதியிருந்தேன். இடம் மிச்சம் என்று பெருமை வேறு. ஜிப் செய்யும்போது அந்தப் பொது அடைவைச் சேர்க்க மறந்துவிட்டேன். என் கணினியில் எல்லாம் பிரமாதம், ஏனென்றால் அடைவு என்னிடம் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாருக்கும் இறக்கைகளில் படமே இல்லை. இரண்டு நாளில் திருத்திவிட்டேன். ஆனால் பழைய ஜிப்பும் அதே பெயர், புதிய ஜிப்பும் அதே பெயர். குழுக்களில் கைமாறிக் கைமாறிப் பழையது நான்கு மாதம் சுற்றியது. ‘உங்கள் லிவரி உடைந்திருக்கிறது’ என்று செய்தி வரும்போதெல்லாம், ‘எந்தப் பதிப்பு?’ என்று கேட்பேன். யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் வழியே வைக்கவில்லை.

கிட்ஹப்பில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓர் எண், தேதி, என்ன மாறியது என்ற குறிப்பு. 1.0 உடைந்தது, 1.1 திருத்தியது என்று ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். விளையாட்டின் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டவர் பழைய வெளியீட்டைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். யூசர் ஃபைல்ஸில் புதுக் கோப்பை ஏற்றினால் எனக்குக் கிடைத்தது ஒரே பக்கம், ஒரே கோப்பு. முந்தையது எங்கே என்று கேட்டால் என் வன்தட்டில்தான் தேட வேண்டும். கிட்ஹப்பில் வெளியீடுகளை மட்டும் கவனிக்கும்படி ஒருவர் தெரிவுசெய்துவிட்டால் புதியது வந்ததும் அவருக்கு அறிவிப்பு போய்விடும். நான் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது, வேலையை இன்னொருவர் தொடர முடிவது. சென்ற ஆண்டு இரண்டு வார முகாம் பயிற்சிக்குப் போயிருந்தேன். தேசிய சேவை முடித்த ஆண்களுக்கு இது பழகிய கதை. அழைப்பு வந்தால் கணினியை மூடிவிட்டுப் பையைத் தூக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து இரண்டு பாகங்களின் பெயர் மாறியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால், அர்ஜென்டினாக்காரர் ஒருவர் லுவா கோப்பில் அந்த இரண்டு வரிகளையும் திருத்தி, ‘ஏற்றுக்கொள்கிறீர்களா?’ என்று அனுப்பிவைத்திருந்தார். அவர்களுக்கு ஸ்கைஹாக் மேல் தனிப் பாசம். 1982 போக்லாந்துப் போரில் அவர்கள் பறந்த விமானங்களில் அதுவும் ஒன்று. பொத்தானை ஒருமுறை அழுத்தினேன், திருத்தம் சேர்ந்துவிட்டது. அவர் பெயரும் வரலாற்றில் பதிவாகிவிட்டது. டிஸ்கார்டாக இருந்தால் அவர் எனக்குச் செய்தி அனுப்பியிருப்பார், நான் முகாமில் புல்வெளியில் படுத்திருந்திருப்பேன். நாளை எனக்கு இந்த விளையாட்டே சலித்துப்போனாலும், உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், அல்லது கிளையாகப் பிரித்து அவரே தொடரலாம். அந்த அனுமதியை உரிமக் கோப்பில் தெளிவாக எழுதிவிட்டேன்: பெயரைச் சொல், விற்காதே, மாற்றினால் இதே நிபந்தனையில் பகிர். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் இதற்கென்றே ஒன்று உண்டு.

குறையில்லாமல் இல்லை. கிட்ஹப் நிரல் எழுதுபவர்களுக்காகக் கட்டிய வீடு, படம் வரைபவன் அதில் வாடகைக்கு இருப்பவன். களஞ்சியத்துக்குள், அதாவது கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடத்துக்குள், ஒரு கோப்பு 100 எம்பியைத் தாண்டினால் ஏற்றுக்கொள்ளாது. என் மூலப் படங்கள் அதைத் தாண்டும். டிடிஎஸ் படங்களை உள்ளே போட்டாலும் தொல்லைதான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் 21 எம்பி வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கி, களஞ்சியம் ஊதிக்கொண்டே போகும். அதனால் லுவா கோப்பையும் குறிப்புகளையும் மட்டும் களஞ்சியத்தில் வைக்கிறேன். படங்கள் உள்ள ஜிப்பை வெளியீட்டோடு இணைக்கிறேன், அங்கே ஒரு கோப்புக்கு 2 ஜிபி வரை இடமுண்டு. இன்னொரு கூத்து: ஒவ்வொரு வெளியீட்டின் கீழும் ‘மூலநிரல்’ என்று ஒரு ஜிப்பைக் கிட்ஹப்பே தானாக வைத்துவிடும். புதியவர்கள் அதைத்தான் அழுத்துவார்கள். அதில் படமே இருக்காது. ‘மேலே உள்ளதை எடுங்கள், கீழே உள்ளதை அல்ல’ என்று தடித்த எழுத்தில் எழுதியும் வாரம் ஒருவர் கீழே உள்ளதை எடுக்கிறார். எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணும் பக்கத்தில் தெரியாது. என் காலை எம்ஆர்டி மயக்கம் போய்விட்டது.

ஒரு சங்கதியில் என் அனுபவம் மெலிது. நான் செய்தது பூச்சு மட்டும். முழு விமானத்தையே நிரலோடு செய்கிறவர்களின் கணக்கு வேறாக இருக்கும், அவர்களுக்குக் கிட்ஹப் இன்னும் பொருந்தும் என்று ஊகிக்கிறேன். ஏ-4இ-சி குழுவே அங்கேதான் வெளியிடுகிறது. சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே கொடுக்கும் முறையை நான் தொட்டதில்லை, தொடவும் மனமில்லை.

இப்போதைய ஏற்பாடு இது. சோதனைப் பதிப்பு டிஸ்கார்டில். ஆறு மாதம் அசையாமல் நின்ற பதிப்பு யூசர் ஃபைல்ஸில், கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணோடு. மற்ற எல்லாம் கிட்ஹப்பில். அடுத்து எஃப்-16 வரையலாம் என்று எண்ணம். டி.சி.எஸ்.ஸில் உள்ளது பிளாக் 50 வகை, நம்முடையவை பிளாக் 52 வகை, வால் பக்கத்துப் புகைவாய் வேறு. அந்தச் சண்டை பிறகு.

கிட்ஹப்பில் என் பெயரில் இன்னும் மூடப்படாத புகார் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ‘சிவப்பு தவறு, உண்மையான விமானம் இதைவிட அடர்த்தி’ என்கிறார் ஒருவர். என்னிடம் உள்ள ஒரே ஆதாரம் 1990களில் ஆகாயப் படையின் பொதுவரவேற்பு நாளில் அப்பா எடுத்த புகைப்படம். அதில் விமானம் ஏறக்குறைய ரோஜா நிறம். பக்கத்தில் நிற்கும் அம்மாவின் சேலையும் அதே நிறம்தான். ‘அது நல்ல ரத்தச் சிவப்புப் பட்டு’ என்கிறார் அம்மா. சேலை இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். இந்த வாரம் அதை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.