தேர் ஏன் திக்கியது? ஹேண்ட்பிரேக்கோடு நான்கு வருடம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் வீடியோ சம்பந்தமாக எது கெட்டாலும் என் மேஜைக்குத்தான் வரும். போனில் எடுத்தது டிவியில் ஓடவில்லை, பழைய கேசட்டைப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும், இப்படி ஏதாவது. எல்லாவற்றுக்கும் நான்கு வருடமாக ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள்தான். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

முதல் வருடமே மானம் போனது. பாடலீஸ்வரர் கோயில் தேரைப் பக்கத்து வீட்டுத் தம்பி போனில் எடுத்திருந்தான். மாற்றிக் கொடுத்த மறுநாள் வந்து, "அண்ணா, தேர் திக்கித் திக்கிப் போவுது, போன்ல நல்லாத்தான் இருக்கு" என்றான். முதலில் அவன் வீட்டு டிவியைக் குறை சொன்னேன். அப்புறம் பென் டிரைவை. புதிதாக ஒன்று வாங்கியும் பார்த்தாயிற்று. தேர் திக்கியது திக்கியதுதான்.

கடைசியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் அந்த வீடியோவை நிறுத்தி, ஆங்கில 'இ' (E) விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிரேமாக, அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமாக, நகர்த்தினேன். சக்கரத்தின் ஓர் ஆணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு தட்டுக்கு ஒரே அளவு நகர்கிறது, ஐந்தாவது தட்டில் இரண்டு மடங்கு தாவுகிறது. மறுபடி நான்கு, மறுபடி தாவல். போன் நொடிக்கு 30 பிரேம் எடுத்திருக்கிறது. நானோ கேமரா காலத்துப் பழக்கத்தில் 25 என்று வைத்திருந்தேன். நம் ஊர் பழைய டிவி முறையான 'பால்' (PAL) அந்தக் கணக்கு. 30-ஐ 25 ஆக்க, ஆறில் ஒரு பிரேமைத் தூக்கி எறிந்தாக வேண்டும். எறிந்த இடமெல்லாம் திக்கல். தப்பு மென்பொருளுடையது இல்லை, என்னுடையது.

அன்றிலிருந்து ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பக்கத்தில் பிரேம் எண்ணிக்கையை 'மூலத்தில் உள்ளபடி' என்று வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். அதற்குக் கீழே 'மாறாத வேகம்' என்பதையும் தேர்ந்தெடுப்பேன். போன்கள் வெளிச்சம் குறைந்தால் தானாகவே பிரேமைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி ரிசப்ஷன் வீடியோவை, கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தால் பிரேம் வேகம் 'வேரியபிள்' (மாறுவது) என்று காட்டுவது அதனால்தான். சில பழைய டிவிகளுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒத்துக்கொள்ளாது. இன்னொன்று: ஹேண்ட்பிரேக்கைத் திறந்ததும் வரும் ஆயத்த அமைப்பில் 30 என்ற உச்சவரம்பு இருக்கிறது. 60-இல் எடுத்த வீடியோவைக் கவனிக்காமல் கொடுத்தால் பாதி பிரேம் போய்விடும்.

கேசட் விஷயம் வேறு. தானே புயலில் கூரை பிய்ந்த வீட்டிலிருந்து எப்படியோ தப்பிய மினி-டிவி (MiniDV) கேமரா கேசட், சித்தப்பா கல்யாணம். ஒரு மணி நேர கேசட், கணினியில் ஏற்றியதும் சுமார் 13 ஜிபி. இதில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு அரைப்படம், ஒவ்வொன்றிலும் ஒரு வரி விட்டு ஒரு வரிதான் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. அதனால் தவில்காரர் கை வேகமாக அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். இந்தக் கோட்டை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதியில் யாடிஃப் என்ற வடிகட்டியைச் சாதாரணமாகப் போட்டேன், கோடு போனது, ஆனால் கை வெட்டி வெட்டி விழுந்தது. அதே யாடிஃப் வடிகட்டியில் 'பாப்' என்ற தேர்வை வைத்து, பிரேமை 50 ஆக்கினேன். இரண்டு அரைப்படமும் தனித்தனிப் படமாகிவிட்டது. தவில் அடி அசலில் இருந்தது போலவே வழுக்கிக்கொண்டு வந்தது. சித்தி அழுதுவிட்டார். பிரேமைப் பார்த்து இல்லை என்பது வேறு விஷயம்.

கோப்பில் குறையே இல்லாமலும் திக்கும். எச் 265 என்ற புதிய முறையில் சுருக்கிய வீடியோவைப் பழைய மடிக்கணினி தாங்காது. விஎல்சியில் கண்ட்ரோலும் ஜேவும் சேர்த்து அழுத்தி, புள்ளிவிவரப் பக்கத்தில் 'இழந்த பிரேம்' எண் ஏறுகிறதா என்று பார்ப்பேன். ஏறினால் கணினிதான் திணறுகிறது. அதற்கு முந்தைய முறையான எச் 264-க்கு மாற்றிக் கொடுத்தால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. எம்கேவி கோப்பை எம்பி4 கோப்பு ஆக்கினால் போதும், உள்ளே இருக்கும் படம் அப்படியே இருக்கட்டும் என்றால் இதில் வழியில்லை. வீடியோவை முழுக்க மறுபடி சமைத்துத்தான் கொடுக்கும். அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருளில் 'காப்பி' போட்டால் சில நொடிகளில் வேலை முடியும், தரமும் குறையாது. அப்புறம், முக்கால்வாசி ஓடியபின் கரண்ட் போனால் அந்த எம்பி4 திறக்காது. கோப்பைத் திறக்கத் தேவையான குறிப்புகளைக் கடைசியாகத்தான் எழுதும். யுபிஎஸ் வாங்கியது இதற்காகத்தான்.

இப்போது முழுசாக மாற்றும் முன் முப்பது நொடி மட்டும் மாற்றிப் பார்ப்பேன். எந்த முப்பது நொடி என்பதில்தான் விஷயம். மணமக்கள் நிற்கும் காட்சியில் எதுவும் தெரியாது. போன வாரம் வந்த வீடியோவில், சில்வர் பீச்சில் கேமராவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிய இடத்தை எடுத்தேன். 'இ' விசையைத் தட்டினேன். படகு ஒரே அளவாகத்தான் நகர்ந்தது. மீதி ஒன்றரை மணி நேரத்தை ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.