ஆர்.இ.எம். வழியா, ஸ்மித்ஸ் வழியா: பாட்டில் யாருக்கு எத்தனை பங்கு?

போன வருடம் எங்கள் தமிழ் ராக் குழு முதல் நாலு பாட்டையும் பதிவு செய்து முடித்த இரவு, கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டோம். பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டுப் போடுகிறவர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் மலேசிய அமைப்பான எம்.ஏ.சி.பி.யில் பாட்டைப் பதியும்போது யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதியாக வேண்டும். மெட்டும் வரிகளும் பெரும்பாலும் என்னுடையவை. மற்ற மூவரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த முன்மாதிரிகள் இரண்டு: இங்கிலாந்தின் ஸ்மித்ஸ், அமெரிக்காவின் ஆர்.இ.எம். இரண்டும் எண்பதுகளில் மாற்று ராக் இசைக்குப் பாதை போட்ட நால்வர் குழுக்கள். இசையில் எது உசத்தி என்ற பேச்சு இங்கே வேண்டாம். நான் கிதார் எடுத்ததே ஸ்மித்ஸ் கேட்டுத்தான்.

ஸ்மித்ஸ் 1982இல் மான்செஸ்டரில் தொடங்கியது. வரிகள் மோரிசி, மெட்டு ஜானி மார். பாட்டை எழுதியவர்கள் என்று அந்த இரண்டு பெயர்தான் போகும். அது நியாயம். ஆனால் பாடி வாசித்து வந்த பணத்திலும் அவர்களுக்கு 40, 40. பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்கும் 10, 10. 1987இல் குழு கலைந்தது. பிறகு ஜாய்ஸ் வழக்குப் போட, 1996இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்குக் கால் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. கூட்டாகத் தொழில் செய்பவர்கள் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் லாபம் சமபங்கு என்பது அங்கே 1890ஆம் ஆண்டுச் சட்டம். நம் மலேசியாவின் 1961 கூட்டுத்தொழில் சட்டத்திலும் இதே விதி இருக்கிறது. ஆகவே ஸ்மித்ஸ் வழியில் போகிறவர்கள் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆர்.இ.எம். 1980இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் தொடங்கியது. எந்தப் பாட்டை யார் கொண்டு வந்தாலும் பெரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நாலு பெயரும் அகர வரிசையில் வரும். பணமும் நாலாகப் பிரியும். ஒருவர் வேண்டாம் என்றால் அந்தக் காரியம் நடக்காது.

என் மனதை மாற்றியது டிரம்ஸ் வாசித்த பில் பெரியின் கதை. 1992இல் வந்த அவர்களுடைய ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பாட்டின் பெரும்பகுதியைக் கொண்டு வந்தவர் அவர். ஆனால் அந்தப் பதிவில் பெரும்பாலும் கேட்பது இயந்திரத் தாளம்தான். தன் பாட்டில் தானே அடிக்காமல் விலகி நிற்கிற மனம் எப்படி வந்தது? பங்கு எப்படியும் கால் பங்கு; அதனால் பாட்டுக்கு எது நல்லதோ அதை மட்டும் பார்க்க முடிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 1995இல் சுவிட்சர்லாந்தில் மேடையிலேயே அவருக்கு மூளை இரத்தக்குழாய் வெடித்தது. பிழைத்து வந்து 1997இல் விலகியபோது, என்னால் குழு கலையும் என்றால் போகமாட்டேன் என்றார். மற்ற மூவரும் 2011 வரை தொடர்ந்தார்கள். 2024இல் நியூயார்க்கில் ஒரு விருது மேடையில் நாலு பேரும் மறுபடி சேர்ந்து வாசித்தார்கள். ஸ்மித்ஸ் நால்வரும் ஒரு தடவைகூடச் சேரவில்லை; ரூர்க் 2023இல் காலமாகிவிட்டார்.

நான் முன்பு வாசித்த ஒரு குழு, எழுதியவருக்கே எல்லாம் என்ற ஏற்பாட்டில்தான் உடைந்தது. அங்கே ஒத்திகையில் யாரும் யோசனை சொல்லமாட்டார்கள். சொன்னால் அது இன்னொருவர் பாட்டுக்குப் போய்விடும்.

சமபங்கிலும் சங்கடம் உண்டு. ஒருவர் ஒத்திகைக்கே வராமல் கால் பங்கு வாங்கினால் மனம் பொறுக்காது. தனியாக எழுதிப் பாடுகிறவர், வாசிக்க ஆளைக் கூலிக்கு வைத்தால் அவருக்கு இது தேவையே இல்லை. எங்களுக்கு இதுவரை கிடைத்த மொத்தப் பணம் ஸ்டூடியோ வாடகைக்கே சரியாகிவிட்டது. பெரிய தொகை வரும்போது இந்த ஏற்பாடு தாங்குமா என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

நாலு பேருக்கும் 25 என்று எழுதினோம். டிரம்ஸ் தம்பி மட்டும், “அண்ணே, நான் எதுவும் எழுதலையே” என்றான். மூன்று மாதம் கழித்து, நள்ளிரவில் கைப்பேசியில் முணுமுணுத்து ஒரு மெட்டு அனுப்பினான். இப்போது பிரிக்பீல்ட்ஸில் வியாழக்கிழமை தோறும் அதைத்தான் பழகுகிறோம். இரண்டாவது சரணத்துக்கு வரி இன்னும் அமையவில்லை.